ஒட்டு மீசை, அதிமதுரம், 29சி பஸ்... மயிலாப்பூர் பெண்மணியின் ஒரு நாடக நாள்!

காலை ஆறரை மணி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி மூட்டைகள் அவிழ்கின்றன. கபாலீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கமாக நடந்து வருகிறார் அந்தப் பெண்மணி. தோளில் ஒரு துணிப்பை. அதில் குடை, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக்கூடு, நான்காக மடித்த இரண்டு தாள்கள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கின்றன.

``என்னம்மா, காலங்காத்தால தனியா பேசிக்கிட்டு வர்றீங்க?'' என்று சிரிக்கிறார் பூக்கார அக்கா.

``தனியா பேசலம்மா, வசனம்! ஞாயித்துக்கிழமை நாடகம். நான்தான் ஜட்ஜ்.''

``நீங்க ஜட்ஜா? அப்போ மீசை?''

``இன்னிக்குப் போய் வாங்கணும்!''

வயது 68. கணவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. மகன் பெங்களூரில். மொத்தம் 11 வசனங்கள். இதுதான் இந்தக் கதையின் நாயகியைப் பற்றிய குறிப்பு.

இவருக்கு இங்கே பெயர் கிடையாது. சபா வாசலில் மாலை நேரத்தில் கைப்பையும் குடையுமாக வந்து நிற்கும் எத்தனையோ பெண்களின் நாள்களைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் ஒரு நாள் இது. மயிலாப்பூரில் தொடங்கி, தி.நகர், அடையாறு சுற்றி, மறுபடி மயிலாப்பூருக்கே வந்து சேரும் நாள். அவரோடு நாமும் ஒரு சுற்றுப் போய் வரலாம்!

மாட வீதியில் ஒரு மணி நேரம்

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு மாட வீதிகளில் கிடைக்காத பொருள் குறைவு. கொலு பொம்மை, பித்தளை விளக்கு, அப்பளம், பட்டுப் பாவாடை, பஞ்சாங்கம் எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கொளுத்தும் சித்திரை மாதம் இது. நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் வந்துவிட்டன. மாவடு சீசன் முடியப் போகிறது. அடையாறு தோழி ஒரு கிலோ மாவடு கேட்டிருக்கிறார். அவருக்கு முட்டி வலி. கடை கடையாக ஏறி இறங்க முடியாது.

மாவடுவைப் பொறுக்கி எடுக்கும்போதும் வாய் சும்மா இருப்பதில்லை. ``வழக்கை ஒத்தி வைக்கிறேன்'' என்று அவர் முணுமுணுக்க, ``இன்னும் ரெண்டு போடட்டுமா?'' என்று கேட்கிறார் கடைக்காரர்.

அடுத்து கச்சேரி ரோடு. அங்கேதான் நூறாண்டு கடந்த டப்பா செட்டிக் கடை இருக்கிறது. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, கடுக்காய், பிரசவ மருந்துச் சாமான் என்று பல தலைமுறை வீடுகளுக்கு நாட்டு மருந்து கொடுத்த கடை. நம் நாயகிக்கு வேண்டியது அதிமதுரம். ஒரு சிறு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டை கட்டாது என்பது பாட்டுக்காரர்களும் நாடகக்காரர்களும் நம்பும் பழைய வைத்தியம். ஜட்ஜுக்குக் குரல் முக்கியம் அல்லவா?

போகும் வழியெல்லாம் மெட்ரோ ரயில் வேலைக்கான தடுப்புத் தகடுகள். லஸ் பக்கம் நேற்று இருந்த நடைபாதை இன்று இருக்காது. வேகமாகப் போகும் பைக்குகளுக்கும் தகடுகளுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடம். முப்பது வயதுக்காரருக்கு இது எரிச்சல். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இது பயம். ஒரு முறை கால் இடறினால் போதும், இடுப்பெலும்போடு நாடகமும் போய்விடும்.

ஆனால், இந்தத் தகடுகளுக்குக் கீழே நடக்கும் வேலையில் அவருக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு பாதைகள் திருமயிலையில் சந்திக்கின்றன. கலங்கரை விளக்கத்தில் தொடங்கும் பாதை பனகல் பார்க் வழியாகப் பூந்தமல்லி பக்கம் போகும். மாதவரத்தில் தொடங்கும் பாதை மந்தைவெளி, அடையாறு வழியாக ஓ.எம்.ஆர். பக்கம் போகும். அதாவது, இன்று அவர் சுற்றப் போகும் மூன்று ஊர்களும் ஒரே ரயில் நிலையத்தில் இணையப் போகின்றன. ``அது வர்ற வரைக்கும் என் கால் இருக்கணும்'' என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

வீட்டுக்கு வந்து சமையல். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் மகனிடமிருந்து போன்.

``அம்மா, இன்னிக்கும் ராத்திரி நாடகமா? அந்த ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான். டி.வி.யில, போன்ல பார்த்தா போதாதா?''

``போன்ல நான் நடிக்க முடியாதேடா!''

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்மா சொல்வதிலும் இருக்கிறது. பேச்சு அங்கேயே நிற்கிறது.

ஆபீஸ் முடிந்த பிறகு பிறந்த நாடகம்

சென்னையின் அமெச்சூர் நாடகம் பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிறந்தது. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான பம்மல் சம்பந்த முதலியார் படித்தது சட்டம். பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தார். நாடகத்தைத் தொழிலாகக் கொண்ட கம்பெனிகளுக்கு நடுவே, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்காக நடித்தவர்களின் சபை அது.

அந்த வழி நெடுக நீண்டது. 1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதி தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு தன் பெயரிலேயே `அமெச்சூர்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர். சோ வழக்கறிஞர். கிரேஸி மோகன் இன்ஜினீயர். பகலில் ஃபைல், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை என்று வாழ்ந்தவர்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் கண்ணில் படும். எல்லோரும் ஆண்கள். அவர்களுக்கு ஆபீஸ் ஐந்து மணிக்கு முடிந்தது. வீட்டில் இருந்த பெண்களுக்கு? சாயங்காலக் காபி, பிள்ளைகளின் பாடம், இரவுச் சாப்பாடு, மறுநாளுக்கு மாவு அரைப்பது... அவர்களின் ஆபீஸ் முடியவே இல்லை!

சுகுண விலாச சபையின் அந்த நாள்களில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். பம்மல் சம்பந்த முதலியாரோடு கதாநாயகி வேடங்களில் நடித்துப் பெயர் வாங்கியவர் சி.ரங்கவடிவேலு. பிறகு பெண்கள் மேடைக்கு வந்தார்கள். ஆனாலும், குடும்பப் பெண்கள் பலருக்குக் கிடைத்த இடம் அரங்கின் நாற்காலிதான். மேடையில் `மயிலாப்பூர் மாமி' ஒரு சிரிப்புப் பாத்திரமாக வந்துகொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து அதற்கும் கைதட்டியவர்கள், உறுப்பினர் சந்தா கட்டியவர்கள், பக்கத்து வீட்டையும் அழைத்து வந்தவர்கள் இவர்கள்தான்.

ஒருவர் மட்டும் ஒரு சின்ன நன்றியைத் தொடர்ந்து சொன்னார். கிரேஸி மோகனின் கதைகளில் நாயகி பெயர் எப்போதும் ஜானகி. பள்ளிக்கூடத்தில் தன்னை மேடை ஏற்றிய ஆசிரியையின் பெயர் அது.

நம் நாயகியும் நாற்பது வருடங்கள் நாற்காலியில்தான் இருந்தார். அறுபது வயதுக்குப் பிறகுதான் அவருடைய ஆபீஸ் கொஞ்சம் சீக்கிரம் முடிய ஆரம்பித்தது.

``பேரனுக்கா பாட்டி?''

பதினோரு மணி. லஸ்ஸில் தி.நகர் பஸ் வருகிறது. முகப்பில் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டண பஸ். ஏறி உட்கார்ந்ததும் நடத்துநர் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் பெண்களுக்கான இந்தக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8-ம் தேதி தொடங்கியது. ஒரு நாளில் மூன்று, நான்கு பஸ் மாறுகிறவருக்கு மிச்சமாகும் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. `எங்கே போறே, எதுக்குக் காசு?' என்று யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி வசனம். பக்கத்து சீட் கல்லூரிப் பெண் ஓரக்கண்ணால் பார்க்கிறார். ``பயப்படாதம்மா, நாடகம்'' என்று தாளைக் காட்டுகிறார். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு, ``நான் வக்கீல் வசனம் சொல்றேன், நீங்க ஜட்ஜ் சொல்லுங்க'' என்கிறார். பனகல் பார்க் வருவதற்குள் இரண்டு முறை ஒத்திகை முடிகிறது.

தி.நகர் 1920-களில் திட்டமிட்டு உருவான பகுதி. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. பனகல் அரசரின் பெயரில் பூங்கா. ஜி.என்.செட்டி சாலையில் வாணி மஹால். நடிகர் சித்தூர் வி.நாகையாவின் முயற்சியில் 1940-களில் எழுந்த அந்த அரங்கில் பாட்டுக் கச்சேரிகளோடு எத்தனையோ நாடகங்களும் அரங்கேறியிருக்கின்றன. துணி வாங்க வருகிறவர்களுக்குத் தி.நகர் என்றால் ரங்கநாதன் தெரு. நாடகக்காரர்களுக்கு வாணி மஹால்.

இன்றைய வேலை பாண்டி பஜாரில். 2019 நவம்பரில் இந்தச் சாலை அகலமான நடைபாதை வளாகமாக மாறியது. நம் நாயகிக்கு அங்கே ரொம்பப் பிடித்தது பெரிய கடைகள் அல்ல, உட்காரப் போட்டிருக்கும் இருக்கைகள்தான். வயதானவர்களை வீட்டுக்குள் உட்கார வைப்பது வயது மட்டும் அல்ல. வெளியே உட்கார இடம் இல்லாததும்தான். இருநூறு அடிக்கு ஒரு இருக்கை இருந்தால் அவர் இரண்டு கிலோமீட்டர்கூட நடப்பார்!

ஃபேன்சி கடைக்குள் நுழைகிறார்.

``தம்பி, ஒட்டு மீசை இருக்கா?''

``பேரனுக்கா பாட்டி? ஸ்கூல் ஃபங்ஷனா? பாரதியார் மீசையா, கட்டபொம்மன் மீசையா?''

``எனக்குத்தாம்ப்பா. ஜட்ஜ் மீசை. கொஞ்சம் நரைச்சிருக்கணும்.''

கடைப் பையன் ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்து, உள்ளே ஓடி நாலைந்து எடுத்து வந்து பரப்புகிறான். ஒவ்வொன்றாக வைத்துக் கண்ணாடி பார்க்கிறார். வளையல் வாங்க வந்தவர்களும் கூடிவிடுகிறார்கள். ``அது வேணாம் ஆன்ட்டி, போலீஸ் மாதிரி இருக்கு'', ``இது கரெக்ட்'' என்று பஞ்சாயத்து நடந்து, ஒரு நரை மீசை முடிவாகிறது.

அடையாறு மாடியில் நீதிமன்றம்

சைதாப்பேட்டை வழியாக அடையாறு. ஆற்றின் தென்கரையில் 1882 முதல் தியசாபிகல் சொசைட்டி இருக்கிறது. அந்த வளாகத்தின் நிழலில்தான் 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். `நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடுவதா?' என்று கேட்ட காலத்தில், தானே ஆடிக் காட்டியவர் அவர். அடையாறில் ஒரு பெண் மேடை ஏறும்போது அந்தக் கதையும் கொஞ்சம் கூடவே வருகிறது.

தோழியின் அடுக்குமாடிக் குடியிருப்பு காந்தி நகரில். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. அதில் பெண்களே எழுதி, பெண்களே நடிக்கும் முக்கால் மணி நேர நாடகம். மாடியில் இருக்கும் சின்ன ஹாலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் நீதிமன்றம். ரிட்டையர்டான பேங்க் அதிகாரி ஒருவர் வக்கீல். கணக்கு டீச்சராக இருந்தவர் திருடன். முட்டி வலித் தோழிக்கு நடக்கிற வேடம் வேண்டாம் என்று, உட்கார்ந்தே பேசும் குமாஸ்தா வேடம்.

இதற்கு முன்மாதிரி உண்டு. 1989-ல் மும்பையில் பாம்பே ஞானம் தொடங்கிய மகாலட்சுமி மகளிர் நாடகக் குழுவில் எல்லா வேடங்களும் பெண்களுக்கே. அப்பா, மாமனார், ராஜா எல்லாமே பெண்கள். அந்தக் குழு பின்னர் சென்னை மேடைகளுக்கும் வந்தது. `பகவந்நாம போதேந்திராள்' போன்ற ஆன்மிக நாடகங்களையும் போட்டது. 1891-ல் தொடங்கிய சபையில் பெண்ணாக நடித்தது ஆண். சுமார் நூறு வருடங்கள் கழித்து, ஆணாக நடித்தது பெண். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வீட்டுச் சமையலறைகள்!

ஒத்திகை தொடங்குகிறது. ஏழாவது வசனத்தில் நம் நாயகி நின்றுவிடுகிறார். தாளில் இருப்பது கண்முன் வருகிறது, வாயில் வரவில்லை. யாரும் பேசவில்லை. இந்த வயதில் மறதி என்பது வெறும் மறதி அல்ல. `ஆரம்பிச்சிடுச்சோ?' என்ற பயம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது.

``விடுங்க, இன்னொரு தடவை'' என்கிறார் திருடன். இரண்டாவது முறையும் அதே இடம். அப்போது குமாஸ்தா ஒரு யோசனை சொல்கிறார். ``கோர்ட்ல கட்டு எடுத்துக் கொடுக்கிறது என் வேலைதானே? ஏழாவது வசனத்துக்கு முன்னாடி நான் எழுந்து வந்து, `ஐயா, கட்டு'ன்னு கொடுக்கிறேன். அதுலயே எழுதி வெச்சிடலாம்.''

``உன் முட்டி?''

``நாலு எட்டு நடப்பேன்!''

பழைய நாடகங்களில் திரைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இருப்பார். இங்கே அந்த ஆள் மேடையிலேயே வந்துவிட்டார், அவ்வளவுதான். மூன்றாவது முறை நாடகம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. எல்லோருக்கும் மோர். மாவடுக்குத் தனிப் பாராட்டு.

இரண்டு பேருக்கான அட்டை

மாலை ஐந்தரை. நம் நாயகியும் தோழியும் 29சி பஸ்ஸில் ஏறுகிறார்கள். பெசன்ட் நகரையும் பெரம்பூரையும் இணைக்கும் இந்த பஸ்தான் அடையாறுக்காரர்களுக்கு லஸ் போகும் வழி. மெட்ரோ வேலையால் அவ்வப்போது வழி மாறும். அதனால் ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போது கடல் காற்று உள்ளே வருகிறது. லஸ்ஸில் இறங்கி, டி.டி.கே. சாலைக்கு ஆட்டோ.

1958-ல் தொடங்கிய நாரத கான சபாவின் அரங்கம் அந்தச் சாலையில் இருக்கிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழாவை அங்கே நடத்திவருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் புது நாடகங்களை வரிசையாகப் பார்க்கலாம். சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. வெயில் காலத்தில் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள், பீச்சுக்கும் மாலுக்கும் நடுவில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம்.

சபா நாடகத்தின் பொருளாதாரம் எளிமையானது. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், சபா நாடகக் குழுவை அழைத்துப் பணம் கொடுக்கும். சென்னைக்கு 1975-ல் தொலைக்காட்சி வந்தது. பிறகு சீரியல், அப்புறம் செல்போன். மாலை நேரத்துக் கூட்டம் வீட்டுக்குள் போனது. உறுப்பினர் குறைந்தால் நாடகம் குறையும். நாடகம் குறைந்தால் உறுப்பினர் இன்னும் குறைவார்கள். இன்றும் சந்தாவைப் புதுப்பித்து, நேரத்துக்கு வந்து உட்காருகிறவர்களில் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். அவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். இவர்கள் இரவு வெளியே வரப் பயந்தால், அரங்கின் விளக்கும் அணையத் தொடங்கும்.

நம் நாயகியின் சபா அட்டை இரண்டு பேருக்கானது. மூன்று வருடங்களுக்கு முன்பு வரை பக்கத்து நாற்காலி கணவருடையது. அவர் போன பிறகு அட்டையை ஒருவருக்கு மாற்றச் சொன்னார்கள் வீட்டில். அவர் மாற்றவில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒருவரை அழைத்து வருகிறார். மாடி வீட்டுப் பெண், மருந்துக்கடைப் பெண், ஒரு முறை பூக்கார அக்கா. இன்று முட்டி வலித் தோழி.

இடைவேளையில் கேன்டீன் காபி, சூடான போண்டா. அக்கம் பக்கத்து நாற்காலிகளில் விமர்சனம் பறக்கிறது. ``செட் நல்லா இருக்கு'', ``ரெண்டாவது சீன் இழுவை'', ``அந்தப் பொண்ணு நல்லா பண்றா''. மேடையில் நடிக்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான ரசிகர்கள் கிடைப்பது கஷ்டம்.

ஒன்பது மணிக்குப் பிறகு

நாடகம் முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மகன் பயப்படும் நேரம் இதுதான். படியில் கைப்பிடி இருக்கிறதா, வாசலில் வெளிச்சம் இருக்கிறதா, ஆட்டோ வருமா? மேடையில் நடந்த கதையைவிட வயதானவர்களுக்கு இந்தப் பத்து நிமிடங்கள் முக்கியம். நாடகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் போடுகிறவர்கள், முதலில் ஒரு தெருவிளக்கில் இருந்து தொடங்கலாம்.

``எங்கம்மா போவணும்?''

``மயிலாப்பூர் குளத்துக்கிட்ட, அப்புறம் அடையாறு. ரெண்டு எறக்கம்.''

பேரம் முடிந்து இருவரும் ஏறுகிறார்கள். இருவர் சேர்ந்து போவதற்கு இதுதான் வசதி. பயம் பாதி, கட்டணமும் பாதி.

வீடு. கதவைப் பூட்டி, காலைக் கழுவி உட்காருவதற்குள் போன் அடிக்கிறது.

``வந்துட்டியாம்மா?''

``வந்துட்டேன்டா. சாப்பிட்டாச்சு, போண்டா. மீசையும் வாங்கியாச்சு.''

``மீசையா?!''

கதை முழுவதும் சொல்ல வேண்டியதாகிறது. கடைப் பையன், பஸ்ஸில் வக்கீலான கல்லூரிப் பெண், ஏழாவது வசனம், தோழியின் நாலு எட்டு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

``ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கும்மா? சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சா காலையில வந்துடுவேன்.''

``சாயங்காலம் ஆறு மணிக்கு. வா. ஆனா, முதல் வரிசையில உட்காராத.''

``ஏன்?''

``உன்னைப் பார்த்தா எட்டாவது வசனமும் மறந்துடும்!''